டாக்டர் போட்ட முடிச்சு

லீலா மேரி அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் சுதந்திர தினத்துக்குக் கொடியை மடித்து, உள்ளே பூ வைத்து, சுண்டி இழுத்தால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட்டவர் அவர்தான். ஏற்றியவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். ஏற்றுவார்கள், காபி குடிப்பார்கள், காரில் ஏறிப் போய்விடுவார்கள்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. புருஷன் மிக்கேல் உடையார்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். பதினான்கு தடவை கொடி ஏற்றியவர். ரிட்டயர் ஆன பிறகும் ஆகஸ்ட் பிறந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"கயித்த இழுக்கிறதுல ஒரு பக்குவம் இருக்கு லீலா. எல்லாருக்கும் வராது."

முடிச்சுப் போடுவதில் பக்குவம் இருப்பதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த மாதக் கடைசியில் லீலா மேரிக்கு ஓய்வு. "இந்த வருஷம் நீங்களே ஏத்துங்க சிஸ்டர்" என்று நிர்வாகம் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. புதுச்சேலை எடுத்தார். மொட்டைமாடியில் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துப் பழகினார். மிக்கேல் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அந்தப் பதினான்கு வருஷக் கதை அதோடு நிற்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஏற்றுகிறவரே முடிச்சும் போடுவதா, கல்யாணப்பெண் பந்தி பரிமாறுவாளா என்று மற்ற நர்சுகள் தடுத்துவிட்டார்கள். வேறு ஆள் தேடும்போதுதான், பதினாலாம் தேதி சாயங்காலம், சர்ஜன் லூக்காஸ் வந்து நின்றார். போலந்து நாட்டிலிருந்து சேவைக்கு வந்தவர். அவர் பேசுவது புத்தகத்தில் படித்த தமிழ்.

"சிஸ்டர், நாளை எங்கள் நாட்டிலும் விடுமுறை. மாதா திருநாள், கொடி, அணிவகுப்பு எல்லாம் உண்டு. எனக்கும் ஒரு வேலை கொடுங்கள்."

ஆறடி மனுஷன் ஆபரேஷன் இல்லாத நாளில் என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது பாவமாக இருந்தது.

"அதுக்கென்ன டாக்டர், கொடிய நீங்களே கட்டுங்க."

சொல்லிக்கொடுத்தார். டாக்டரும் மூன்று தடவை கட்டி, மூன்று தடவை இழுத்து அவிழ்த்துக் காட்டினார். லீலா மேரி நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் டாக்டருக்குக் காற்றைப் பற்றிக் கவலை வந்தது. பாதி வழியில் அவிழ்ந்துவிட்டால் சிஸ்டருக்கு அவமானம் அல்லவா? குடலிறக்க ஆபரேஷனில் போடுகிற முடிச்சாக மேலே மூன்று போட்டு இறுக்கினார். அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்து திரும்பி வந்த நோயாளி இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

மறுநாள் மாதா திருநாள் பூசை முடிந்து கூட்டம் கூடியது. லீலா மேரி இழுக்க இழுக்கக் கொடிப் பொட்டலம் சீராக உச்சிக்குப் போனது. சுண்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சுண்டினார். கம்பம்தான் ஆடியது. ஆனால் அவர் கை அசைந்ததைப் பார்த்த நர்சிங் மாணவிகள் பழக்கதோஷத்தில் தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

தொடங்கிவிட்டால் யாரும் அசையக் கூடாது. உதவிக்கு ஓடி வந்த மிக்கேல் பாதி வழியில் விறைத்து நின்றார். வாட்ச்மேன் கருப்பண்ணன் தோளில் ஏணியோடு நின்றார். டாக்டர் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்துவிட்டது. இருநூறு பேர் ஒரு பொட்டலத்துக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். ஊரார் ஏற்றியது ஒன்றுகூடச் சிக்கவில்லை, தான் ஏற்றிய ஒன்றே ஒன்று சிக்கிக்கொண்டதே என்று லீலா மேரிக்கு மனசு ஆறவில்லை.

கீதம் முடிந்ததும் மிக்கேல் கயிற்றுக்குக் கை நீட்டினார்.

"நவுரு லீலா, நான் பாக்குறேன்."

"நீங்க போயி உக்காருங்க."

முப்பது வருஷக் குடித்தனத்தில் மிக்கேல் கேட்காத குரல் அது. போய் உட்கார்ந்தார்.

லீலா மேரி பொட்டலத்தைக் கீழே இறக்கினார். முடிச்சைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

"டாக்டர், கத்திரி."

இத்தனை வருஷமும் டாக்டர்கள் கேட்பார்கள், அவர் எடுத்துக் கொடுப்பார். இன்றைக்கு டாக்டர் ஓடிப்போய்க் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"மன்னியுங்கள் சிஸ்டர். அவிழக் கூடாது என்றுதான்..."

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆளு பொழச்சுக்கும்."

துணியில் கீறல் படாமல் முடிச்சை வெட்டினார். பூவெல்லாம் அவர் காலடியில் கொட்டியது. விரிந்த கொடியை அப்படியே ஏற்றினார். உச்சியில் போய் விரிகிற கொடியைத்தான் அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்கிறது. ஒரு பெண்பிள்ளையின் கையிலிருந்து விரிந்தபடியே முழம் முழமாக மேலே போகிற கொடியை அன்றைக்குத்தான் பார்த்தது. மாணவிகள் பாடுவதா வேண்டாமா என்று முழித்தார்கள்.

"பாடுங்கம்மா, இன்னொரு தடவ" என்றார் லீலா மேரி.

வீடு திரும்பும்போது, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மிக்கேல் தொண்டையைச் செருமினார். பக்குவம் வரப்போகிறது என்று லீலா மேரி பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எங்க ஸ்கூல்ல பதினாலு வருஷமும் கொடிய யாரு கட்டுனதுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் லீலா. பேரே வர மாட்டேங்குது."

"ஒருநாளாவது சிக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் லீலா மேரி.