மழுப்பிய பள்ளத்தாக்கு

கடல் ஆய்வு மையத்தின் இரண்டாம் மாடியில் அவளுக்குப் பெயர் மாடல்காரி. கடலுக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போடுகிறவள். புருஷன் விசேஷ வீடுகளில் "இவ மாடல் பண்றா" என்று அறிமுகப்படுத்தும்போது, கேட்டவர்கள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதைக்குப் பேச்சை மாற்றுவார்கள்.

இந்த முறை மாடல் போட்டது ஊர்ச் சாக்கடைக்கு. கரைக்குச் சற்றுத் தள்ளி, கடலடியில் செங்குத்தான சுவர்களோடு ஒரு பள்ளத்தாக்கு. கழிவுக் குழாயின் வாயை அதன் விளிம்பில் வைத்துவிட்டால், எல்லாம் ஆழத்தில் விழுந்து ஒரேயடியாகப் போய்த் தொலையும் என்பது நகராட்சிப் பொறியாளரின் திட்டம். பொறியாளர் வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்தான்.

மாடலும் தலையாட்டியது. ஒரு சொட்டுகூடக் கரைக்குத் திரும்பவில்லை. மதியம் கூட்டம். காட்டுவதற்குப் படம் ஒன்று லட்சணமாக இருக்கட்டுமே என்று, காலையில் மாடலுக்குள் இருந்த கடலடியைக் குறுக்காக வெட்டி வரைந்து பார்த்தாள். பள்ளத்தாக்கைக் காணோம். அது இருந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு குழி.

செங்குத்துச் சரிவு மாடலுக்கு ஆகாது. கடலைச் சதுரம் சதுரமாகப் பிரித்து வைத்த கட்டங்களில், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் ஆழம் சட்டென்று மாறினால் கணக்கு தடுமாறி, இல்லாத நீரோட்டங்களை எல்லாம் கிளப்பி, கடைசியில் எண்கள் தாறுமாறாக எகிறி வெடித்துவிடும். அதற்காகச் சரிவைக் கொஞ்சம் தேய்த்துவிட ஒரு சின்ன நிரல் உண்டு. இங்கே அதற்குப் பெயர் மழுப்பி. ஒருமுறை மழுப்பினால் குற்றமில்லை, ஊர் உலகமே செய்வதுதான். இங்கே மாடல் வெடித்தபோதெல்லாம் அவள் மழுப்பினாள். அவள் லீவில் போனபோது பக்கத்து மேஜைக்காரர் மழுப்பினார். இயக்குநர்கூட ஒருநாள், கைப்பழக்கம் விட்டுப் போகக் கூடாதென்று, தானும் ஒரு மழுப்பு மழுப்பினார். ஒருத்தரும் அசல் ஆழக் கோப்பைத் தொடவில்லை. மழுப்பியதையே மறுபடி மழுப்பியிருந்தார்கள்.

அவள் அசலை எடுத்தாள். ஒரே ஒருமுறை மழுப்பினாள். பள்ளத்தாக்கைச் சுற்றி மட்டும் சின்ன வட்டாரமாக வெட்டி, கணக்கைச் சின்னச் சின்ன அடியாக நடக்கவிட்டாள். வெடிக்கவில்லை. ஆனால் காற்று கரையோரமாக அடிக்கத் தொடங்கியதும், மேல்தண்ணீர் கரையை விட்டு வெளியே நகர, ஆழத்துத் தண்ணீர் பள்ளத்தாக்கு வழியாக மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறியது. கழிவுக்குப் பதிலாக மாடலில் ஊற்றியிருந்த சிவப்புச் சாயமும் கூடவே ஏறி, ஜனங்கள் குளிக்கிற கரையில் வந்து படுத்துக்கொண்டது.

இயக்குநர் வந்து திரையைப் பார்த்தார். "இதைப் பத்து நிமிஷத்துல எப்படிம்மா விளக்குவே?"

"ஒரு நிமிஷம் போதும் சார். ஊர் போறது ஊருக்கே வருதுன்னா புரிஞ்சிடும்."

"கூட்டத்துல அப்படிப் பேசாதே. பழைய படத்தைக் காட்டிடு. கூடுதல் ஆய்வு நடக்குதுன்னு கடைசியில ஒரு வரி போடு."

"அதாவது மழுப்பணும்."

"நாசூக்கான வார்த்தையா ஏதாவது சொல்லேன்."

கூட்ட அறையில் நாத்தனார் முன் வரிசையில் இருந்தாள். வீட்டில் "அண்ணி அண்ணி" என்று காலைச் சுற்றுகிறவள். மாடல்காரி ஓட்டிய புதுப் படத்தில் சிவப்பு கரையைத் தொட்டதும் பேனாவை மூடி வைத்தாள்.

"மேடம், போன வாரம் வரைக்கும் ஒண்ணும் வராதுன்னு சொன்னீங்களே?"

மேடம் என்றால் கோபம். பயங்கரக் கோபம்.

"சொன்னேன். பள்ளத்தாக்கே இல்லாத கடல்ல அது வராது. நாங்க ஆளாளுக்குத் தேய்ச்சு அதைத் தட்டாக்கிட்டோம். தப்பு எங்களோடது."

இயக்குநர் ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆராயத் தொடங்கினார்.

"ஊர் முழுக்க அறிவிச்சாச்சு," என்றாள் நாத்தனார். "குழாய் லாரி கிளம்பியாச்சு. நான் இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போறது?"

"குழாயைப் போட்டப்புறம் இதவிட மோசமான மூஞ்சி வேணும். குளிக்கப் போனவங்க எல்லாம் நேரா உங்க ஆபீசுக்குத்தான் வருவாங்க. குளிச்ச கையோட."

பின் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. படத்தை மறுபடி ஓட்டச் சொன்னாள். காற்றைத் திருப்பிப் போடச் சொன்னாள். சாயம் ஆழத்துக்கு இறங்கியது. மறுபடி பழையபடி அடிக்க விட்டதும் ஏறியது.

"வருஷத்துல எத்தனை மாசம் இந்தக் காத்து?"

"பாதி வருஷம்."

நாத்தனார் போனை எடுத்தாள். "லாரியைத் திருப்புங்க... இல்லைங்க, இறக்கவே வேணாம்... ஏன்னா? ஏன்னா..." போனை மேஜைக்கு மேலே நீட்டினாள். "அண்ணி, நீங்களே சொல்லித் தொலைங்க."

அந்தப் பக்கம் ஓட்டுநர். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினார். "என்னங்க விளையாடுறீங்களா? இவ்ளோ நீளத்தை நடுரோட்டுல எப்படித் திருப்பறது? திருப்பினா எங்க கொண்டு போய்ப் போடறது?"

அறையே அவள் வாயைப் பார்த்தது.

"இன்னும் தெரியலைங்க," என்றாள் மாடல்காரி. "கணக்கு போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

ஓட்டுநர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னார். அதை அவள் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.