கடையில் வாங்கினால்

"என்னட்டை ஐடி கேக்கேல்லை, பாத்தியோ?" என்றார் அப்பா.

வாசலில் வயது பார்க்க நின்ற காவலாளி என் முகத்தையும் என் லைசென்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா அதற்குள் சப்பாத்தின் சேற்றைக் கால்துடைப்பில் தேய்த்துவிட்டு, கோயிலுக்குள் போகிறவரைப் போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். கடையில் ஏதாவது நாற்றம் இருந்திருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன். அங்கே ஒன்றும் மணக்கவில்லை. வெள்ளை வெளிச்சம், வெள்ளைச் சுவர், பச்சைச் சட்டை போட்ட விற்பனைப் பிள்ளைகள், பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் கேட்பது போன்ற ஒரு சங்கீதம். சாமான்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் இருந்தன. முன்னால் நின்றவர்கள் பாண் வாங்க வந்தவர்களைப் போலப் பொறுமையாக நின்றார்கள்.

நாங்கள் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில். அங்கிருந்து மெட்ரோவில் போகக்கூடிய தூரத்தில் அரசாங்கக் கஞ்சாக் கடை உண்டு. அப்பா அங்கே போகமாட்டார். "அங்கை எங்கடை ஆக்கள் நிப்பினம்" என்பார். அதனால் சனிக்கிழமைகளில் நான் அவரை இத்தனை தூரம், நகரத்தின் மற்றக் கோடியில் இருக்கிற கர்க்லாண்ட் பக்கத்துக்குக் காரில் கொண்டுவர வேண்டும். அவர் முன்சீட்டில் இருந்து பக்தியோடு வெளியே பார்த்துக்கொண்டு வருவார்.

அவர் தொடங்கியது முழங்கால் நோவுக்கு. டொக்டர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் போத்தலில் எண்ணெய் வாங்கினார். நாக்கைத் தூக்கி, வாயை அண்ணாந்து, குருவிக்குஞ்சைப் போல அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொள்வார். பிறகு எண்ணெய் காணாது என்றார். பூ மலிவு என்று யாரோ சொல்லக் காய்ந்த பூவுக்கு மாறினார். இப்போது அம்மா அதை நெய்யில் போட்டு மெல்லிய நெருப்பில் காய்ச்சி வடித்துக் கொடுக்கிறார். அதை அவர் புட்டில் ஊற்றிக் குழைத்துத் தின்கிறார். மிளகாய்த்தூள் வாங்குகிற அதே கவனம் இதிலும் உண்டு. புதுப் பெயர்களை நம்பமாட்டார். பழகின பக்கற் இல்லையென்றால் வீட்டுக்கு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். காரில் ஏறியதும் பக்கற்றைக் கிழித்து மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "போன முறையை விட நல்லம்" என்பார். ஒரு நாளும் அதைக் கஞ்சா என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கடைச்சாமான்.

கஞ்சா என்ற சொல்லை அவர் என் தம்பிக்காக வைத்திருந்தார்.

இதைக் கடையில் விற்கலாம் என்று சட்டம் மாறுவதற்கு முந்தைய மாரிக் குளிரில், தனுஜனின் குளிர் ஜக்கற்றுக்குள் அப்பா ஒரு சிறிய பை கண்டுபிடித்தார். அன்று மத்தியானமே அவனுடைய உடுப்புகளைக் குப்பைப் பையில் கட்டி, வெளியே இரும்புப் படிக்கட்டில் வைத்துக் கதவைப் பூட்டினார். அவன் சண்டை போடவில்லை. பையைத் தோளில் தூக்கிக்கொண்டு, சறுக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனதை நான் யன்னலில் நின்று பார்த்தேன். அதன் பிறகு அப்பா அவனுடைய அறையில் நாள்கணக்காகச் சாம்பிராணி போட்டார். "சுவரிலையெல்லாம் ஏறிட்டுது" என்று இருமி இருமிப் போட்டார். அதே மணம்தான் இப்போது எங்கள் குசினியில் சனிக்கிழமை பின்னேரங்களில் நெய்யோடு சேர்ந்து எழும்புகிறது. திரைச்சீலையில் இருக்கிறது, என் தலைமயிரில் இருக்கிறது. ஒருவரும் சாம்பிராணி போடுவதில்லை.

தையில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கீர்த்திகன், வீடு பியர்பொன்ட்ஸ் பக்கம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பிதான் அவருடைய காலைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். பிறகு அவன் தோழனாக மணவறை வரைக்கும் கூடப் போவான். தனுஜன் இதைப் பற்றி என்னோடு போனில் கதைத்திருக்கிறான். "தையிலை எண்டால் அத்தானுக்குச் சுடுதண்ணிதான் ஊத்த வேணும் அக்கா. இல்லாட்டி விறைச்சுப்போய்ச் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு ஓடியிடுவார்." சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு, "அப்பா விடமாட்டார் என்ன?" என்றான்.

அப்பா விடவில்லை. சித்தப்பாவின் மகன் டிலக்சன் தோழனாக நிற்பான் என்று முடிவாகியிருந்தது. "இரவிச்சந்திரன் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு தெரியுமோ? கோயில் நிர்வாகத்திலை இருக்கிற மனிசன். கஞ்சாக்காரன்ரை அக்காவை எடுப்பாரோ? தம்பி வெளியூரிலை வேலை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நீ வாயைத் திறந்து உன்ரை வாழ்க்கையைக் குழப்பாதை." இரவிச்சந்திரன் என்பவர் கீர்த்திகனின் அப்பா. என் மாமாவாகப் போகிறவர்.

கடையில் வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர் தோளில் விழுந்த பனித்தூளைத் தட்டிவிட்டுத் திரும்பினார். சால்வையை மூக்குவரை சுற்றியிருந்தார். கண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அட, சிவநேசம் அண்ணை!" என்றார் இரவிச்சந்திரன் மாமா.

அப்பா என் கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

"முழங்கால்" என்றார் அப்பா.

"எனக்கு நித்திரை" என்றார் மாமா.

பிறகு மாமா சால்வையை இறக்கினார். "பியர்பொன்ட்ஸ் பக்கம் போனால் எங்கடை ஆக்களின்ரை கண்ணிலை படும் எண்டு இஞ்சாலை வாறனான்."

"நானும் அப்பிடித்தான்."

"நேற்றுக் குணம் அண்ணையும் இதிலைதான் நிண்டவர். போன கிழமை வாத்தியாரும் மனிசியும்." மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். என் கையை விட்டுவிட்டார். பயம் போய்விட்டது. சம்பந்திகள் இரண்டு பேரும் சந்தையில் மீன் பார்க்கிறவர்களைப் போலக் கதைக்கத் தொடங்கினார்கள். மாமா பூ வாங்குவதில்லையாம், உலர்ந்த அத்திப்பழத்தில் ஊறவைத்த சாமான் வருகிறதாம், படுக்கப்போகுமுன் ஒன்று கடித்தால் போதுமாம். அப்பா நெய்ப் பக்குவத்தைச் சொன்னார். நெருப்பைக் கூட்டக்கூடாது, கூட்டினால் குணம் போய்விடும். மாமா உதட்டை நக்கிக்கொண்டு கேட்டார். எனக்கு அந்த உதட்டைப் பார்க்க முடியவில்லை. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு சந்தோசமும் வந்தது. அப்பா சொன்ன ஒரே தடை இந்த மனிதர்தான். அந்த மனிதர் இதோ எனக்கு முன்னால் அத்திப்பழத்துக்காக நிற்கிறார்.

"மாமா, ஒண்டு கேக்கட்டே?" என்றேன். "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். வெளியூரிலை இல்லை. இஞ்சைதான் லசாலிலை டயர் கடையிலை வேலை செய்யிறான். அவன் தோழனா நிண்டால் உங்களுக்கு ஏதும் பிரச்சினையோ?"

அப்பா இருமினார்.

மாமா திடுக்கிடவில்லை. "தெரியும் பிள்ளை" என்றார். "ஆக்கள் சொன்னவை. நான் அப்பாவைச் சங்கடப்படுத்த வேண்டாம் எண்டுதான் கேக்கேல்லை." கையை என் தலையில் வைப்பதைப் போலத் தூக்கி, வைக்காமல் இறக்கினார். "எனக்கெண்டால் ஒண்டும் இல்லை. ஆனால் தம்பியார் றோட்டிலை வாங்கினவர். இஞ்சை பாருங்கோ, சோதிச்சு, சீல் வைச்சு, ரசீதோடை தாறாங்கள். இப்பிடி வாங்கிறது ஒரு ஆள். மூலையிலை நிண்டு வாங்கிறது வேற ஆள்."

"அப்ப கடையே இருக்கேல்லை மாமா."

"அதுதான் சொல்றன். பொறுத்திருக்க வேணும்."

"அவன் இப்ப தொடுறதே இல்லை. விட்டுக் கனகாலம்."

"விட்டாலும் பேர் பேர்தானே பிள்ளை? மண்டபத்திலை இருக்கிற சனம் என்ன கதைக்கும்?"

அந்தச் சனத்தில் பாதி இந்தக் கடைக்கு வருகிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, "அதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்றார். அவருடைய குரலில் அப்படி ஒரு ஆறுதல். யாரோ அவருடைய முதுகைத் தடவிவிட்டதைப் போல. "அடுத்தவர்" என்று பிரெஞ்சில் கூப்பிட்டாள் பச்சைச் சட்டைக்காரி. "பொன்ஜூர்" என்று சொல்லிக்கொண்டு மாமா நிமிர்ந்து போனார். போகுமுன் திரும்பி, "மோதிரத்துக்கு டிலக்சன்ரை விரல் அளவை அனுப்பிவிடுங்கோ அண்ணை" என்றார்.

வெளியே வந்தபோது பனி மழையாகியிருந்தது. மாமா தன் காருக்குள் இருந்து கை காட்டிவிட்டுப் போனார். அப்பா சீட்டில் இருந்து பெல்ற்றைப் போடுமுன்னே பக்கற்றைக் கிழித்தார். கார் முழுக்க அந்த மணம் நிறைந்தது. வெட்டின புல்லும், நனைந்த நாயும், பழைய ஜக்கற்றும். "நல்ல மனிசன்" என்றார் அப்பா. "நீ குடுத்து வைச்சனி." அவருடைய மூக்கு நுனியில் ஒரு தூள் ஒட்டியிருந்தது. யன்னலைத் திறந்தேன். "குளிருது, பூட்டு" என்றார். பூட்டவில்லை.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை.

"எங்கை போறாய்?"

"டயர் மாத்த. மாரி டயர் போடாமல் ஓடினால் தண்டம் அடிப்பாங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். டயர் பின்னுக்கு டிக்கியிலை கிடக்கு."

அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கிக்கொண்டார். "திருப்பு காரை." பிறகு, "கஜந்தினி, திருப்பு எண்டு சொல்றன்." நான் லசால் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைக்கும் தடிகள் மட்டும் போய் வந்தன.

டயர் கடை வாசலில் கார்கள் நிறைந்து நின்றன. இந்த நாட்களில் அங்கே அப்படித்தான். முற்றத்தின் ஓரமாக நிறுத்தினேன். தனுஜன் நீல மேலங்கியோடு ஓடி வந்தான். முன்பை விடத் தோள் அகன்றிருந்தது. கை முழுக்கக் கறுப்பு. "அக்கா, சொல்லிப்போட்டு வந்திருந்தால் உள்ளுக்கு இடம் பிடிச்சிருப்பனே" என்று சொல்லிக்கொண்டு குனிந்தவன், அப்பாவைக் கண்டான்.

அப்பா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிழித்த பக்கற்.

தனுஜனின் மூக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியது. என்னைப் பார்த்தான். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்பா, இறங்குங்கோ. உள்ளுக்குக் கோப்பி இருக்கு" என்றான்.

அப்பா பெல்ற்றைக் கழற்றவில்லை.

"முழங்கால் ஏலாதாக்கும்" என்றான் என்னிடம். "சரி, இருக்கட்டும். ஆள் இருக்க ஜக் போட்டுக் காரைத் தூக்கக் கூடாது. முதலாளி கண்டால் கத்துவான். நட்டை மட்டும் இப்ப இளக்கி வைப்பம், மிச்சத்தைப் பேந்து பாப்பம்."

அப்பா இருந்த பக்கத்து முன்சக்கரத்தடியில் முழங்காலில் இருந்தான். சேறும் பனியும் நட்டுகளில் இறுகிப் போயிருந்தன. உள்ளே போய்க் கேத்தலைக் கொண்டுவந்தான். நான் குளிரில் இறங்கிக் காரின் முன்மூலையில் நின்றேன். அவன் ஒரு கையால் கேத்தலைச் சரித்து, மறுகையால் சக்கரத்தைத் தடவித் தடவி, சுடுதண்ணியை மெல்ல ஊற்றினான். சேறு கரைந்து ஓடியது. ஆவி எழும்பி அப்பாவுக்கு முன்னால் இருந்த கார்க் கண்ணாடியை மூடியது. அதற்குப் பின்னால் அவருடைய முகம் தெரியவில்லை. திறந்திருந்த என் பக்கக் கதவால் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. தண்ணீர் சக்கரத்தில் விழுகிற சத்தத்துக்கு, அவர் இரண்டு கால்களையும் சீட்டுக்குக் கீழே மெல்ல இழுத்துக்கொண்டார்.