கூடையில் விட்ட கண்ணாடி

அன்று காலை மழை தூறியதா என்று எனக்கு நிச்சயமில்லை. தூறியது என்கிறார் என் கணவர் டிக்யோ. ஆனால் அன்று அவர் பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முந்தின நாள் ஜெபக் கூட்டத்தில் எங்கள் தலைவர் கிரிஸ்புலோ சொன்னார்: "அற்புதம் நடந்தப்புறம் யார் வேணா நம்பலாம். நடந்துருச்சுன்னே நெனச்சு நடந்துக்கங்க." மழைக்கு ஜெபித்தவர்கள் குடையோடு வந்திருந்தார்கள். மகனுக்கு வேலை கேட்ட மீன்காரி பிலித்தா அக்கா, அவன் வேலைக்குப் போட்டுப்போகப் புதுச் சட்டையே தைத்துக் கொண்டுவந்திருந்தாள். டிக்யோ எழுந்துபோய், தன் தடித்த கண்ணாடியைக் கழற்றிப் பீடத்தடிக் கூடையில் வைத்தார்.

"எனக்குப் பார்வை வந்துருச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். காலையில் எங்கள் ஜீப்னியை, ஆள் ஏற்றும் அந்த நீள வண்டியை, ஓட்டப்போவதும் இவர்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

மியாகாவிலிருந்து இலோய்லோ நகருக்குக் கடலை ஒட்டிய சாலை. விடிந்ததும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்கு, நெனி?"

"காசு வாங்க."

சந்தைத் திருப்பத்தில் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"முன்னாடி பாரு, டிக்யோ."

"மாடுதானே. ஒதுங்கிக்கும்."

"அது லாரி."

பிரேக்கை மிதித்தார். நிறுத்தத்துக்கு ஊர்ந்தபடி வந்து சேர்ந்தோம்.

வரிசையில் எங்கள் வண்டிதான் முதல்; அது நிறைந்த பிறகே அடுத்ததில் ஏறுவார்கள். "முகமே பிரகாசமா இருக்கு, அண்ணே" என்றாள் பிலித்தா அக்கா. சொல்லிவிட்டு மீன்கூடையோடு பின்வண்டியில் ஏறினாள். மறந்துபோய் ஏறிவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்து வந்தவர்களும் அவர் கையைக் குலுக்கினார்கள், பின்னால் போனார்கள். "இப்பதான் கண்ணு வந்திருக்கு, ரெண்டு நாள் பழகட்டும்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு கேட்டது.

கடைசியாக கிரிஸ்புலோ வந்தார். டிக்யோவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். என்னைப் பார்க்காமல் பின்வண்டிக்கு நடந்தார். பின்வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று.

"நம்ம வண்டில எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான்."

"கிரிஸ்புலோ?"

"அந்த வண்டில."

டிக்யோவின் கை சாவியிலேயே இருந்தது. வீம்புக்குக் கிளப்பிவிடுவாரோ என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்போ அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். சாவியை உருவி என் கையில் வைத்தார்.

கண்ணாடியை அன்றே கூடையிலிருந்து எடுத்து வந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. டிக்யோ அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார், கூட்டத்துக்குப் போவதில்லை. பிலித்தா அக்காவின் மகனுக்கு செபுவில் வேலை கிடைத்தது. அதற்குள் சட்டை சின்னதாகிவிட்டது. கிரிஸ்புலோ இன்னும் அதையேதான் போதிக்கிறார். எங்கள் வண்டியில்தான் வருகிறார். ஏறுவதற்கு முன் டிக்யோவின் முகத்தில் கண்ணாடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.