டேப் சுற்றிய சுவிட்ச்

மரத்தில் வளைவு எடுக்கும் ரூட்டர் மிஷினின் சுவிட்ச் கெட்டு ஒரு மாதமாகிறது. மரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று நின்றுவிடும். மாற்றச் சோம்பல்பட்ட ஆசாரி கொளஞ்சியப்பன், சுவிட்சை 'ஆன்' பக்கமே அழுத்திக் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டான். அன்றிலிருந்து மிஷினைப் பிடிப்பது தங்கை புருஷன் பாலகுமார். ஜங்ஷன் பாக்ஸில் கரண்டைப் போட்டு நிறுத்துவது இவன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பாழாய்ப்போகிற காரியங்கள் எல்லாமே அதுவரைக்கும் ஒழுங்காகத்தானே நடக்கின்றன.

இன்று சிதம்பரத்தில் ராமாமிர்தத்தின் புது வீட்டுக்குத் தலைவாசல் நிலை நிறுத்த வேண்டும். பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. நிலையின் ஓரத்துக்கு வளைவு எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதே காலுக்குக் கரண்டு போய்விட்டது. மஞ்சள், குங்குமத் தட்டோடு நின்ற ராமாமிர்தம் புலம்ப ஆரம்பித்தார். அதைக் கேட்கப் பொறுக்காமல் கொளஞ்சியப்பன் டீக்கடைக்கு நழுவினான். பாக்ஸ் சுவிட்சை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவன் புத்தியில் உறைக்கவே இல்லை.

மச்சான் அணைத்திருப்பார் என்று பாலகுமார் நம்பினான். கரண்டு வருவதற்குள் அடுத்த வளைவுக்கான வெட்டும் பிட்டை மாட்டிவைக்கலாமே என்று மிஷினைக் கவிழ்த்து ஸ்பேனரைப் போட்டான். ப்ளக்கைப் பிடுங்கவில்லை. கரண்டு வந்துவிட்டது.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மத்தியானம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள் தங்கை பவானி.

"ப்ளக்க புடுங்காம பிட்ட கழட்டிட்டேன். என் தப்புதான்," என்றான் பாலகுமார்.

அவள் அழுதபடி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேள, நீ கூட இருந்தண்ணா. தனியா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்."

அவள் மருந்து வாங்கப் போனதும் பாலகுமார் மெல்லக் கூப்பிட்டான்.

"மச்சான், அந்த டேப்ப பிச்சி எறிஞ்சிடுங்க. அண்ணன்னா அவளுக்கு உசுரு. தெரிய வேணாம்."

செருப்பால் அடித்திருந்தால்கூட கொளஞ்சியப்பனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வேலை நடந்த வீட்டுக்குத் திரும்பிப் போனான். பாதி வளைவோடு நிலை நின்றுகொண்டிருந்தது. கொத்தனார்களை வைத்து நல்ல நேரத்துக்குள் நிறுத்திவிட்டிருந்தார்கள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலையும் கட்டியாயிற்று. மிஷின் ஒரு மூலையில் கிடந்தது. டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினான். சுலபமாகத்தான் வந்தது. ஒரு விரற்கடை உரித்தவன், என்ன நினைத்தானோ, மறுபடியும் அதை ஒட்டி மிஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த பவானி நிமிர்ந்து பார்த்தாள். அவன் மிஷினை வெளியே எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

"இந்த டேப்ப சுத்துனது நான். பாக்ஸ அணைக்காமப் போனதும் நான்தாம்மா."

பவானி மிஷினைப் பிடித்திருந்த அண்ணனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவன் நின்றான்.