பொலிக் குரலும் குளவிகளும்

அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் உயரத்தில், காலை வேளையில் மலைகள் இருப்பதில்லை. பனி மட்டுமே இருக்கும். அதற்குள்ளிருந்து முதலில் ஒரு செடி வெளிவரும். பிறகு அதன் பக்கத்துச் செடி. பிறகு, மறந்துபோன ஒன்றை யாரோ நினைவுபடுத்திக்கொள்வதைப் போல, ஒரு சரிவு முழுவதும் மெல்ல வந்து சேரும். அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவில் கொழுந்து எடுத்த பெண்கள் ஒருவரையொருவர் கண்ணால் அறிந்ததைவிடக் குரலால் அறிந்ததே அதிகம்.

அக்குரல்களுள் காளியாயியின் குரல் தனித்து நின்றது. கவ்வாத்து வெட்டி மொட்டையாக்கிய மலை நான்கைந்து மாதங்களில் மீண்டும் தளிர்க்கும். அந்த மலையில் முதல்முதலாகக் கொழுந்து எடுக்கும் நாளில், முதற்பிடியைக் கூடைக்குள் போடுமுன் ஒருத்தி “பொலியோ பொலி” என்று கூவ வேண்டும். மற்றவர்கள் “பொலி” என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செடியில் கை வைக்க வேண்டும். விளைச்சல் பெருக வேண்டும் என்னும் வாழ்த்து அது. பதினோர் ஆண்டுகளாக அவ்வாறு கூவியவள் காளியாயி. ராசியான குரல் என்று எல்லாரும் சொன்னார்கள். ஊருக்குப் போய்வருகிறேன் என்று கப்பலேறிய கணவன் திரும்பவில்லை, பிள்ளைகளும் இல்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஓர் அறை, சுவரில் தொங்கும் ஒரு கம்பளி, அந்தக் குரல் ஆகியவையே அவளுக்குச் சொந்தம். அவற்றுள் பிறர் மதித்தது குரலை மட்டும்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டில் அந்த மதிப்பு குலைந்தது.

அவ்வாண்டு மூன்று மலைகளில் அவள் கூவினாள். மூன்றிலும் குளவி எழுந்தது. மூன்றாம் நம்பர் மலையில் இருவரைக் கொட்டியது. பதினோராம் நம்பரில் ஐவரைக் கொட்டியது. ஏழாம் நம்பரில், உடன் கொழுந்து எடுத்த அம்மாக்கண்ணுவின் மாமியார் வீரம்மா கூடையோடு உருண்டு விழுந்தாள். அவளைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிச் சென்றார்கள். ஆசுபத்திரியில் இருபது நாள் கிடந்து, ஒரு கண் பாதி மூடியபடியே வீடு திரும்பினாள்.

“காளி வாயத் தொறந்தா குளவி எந்திரிக்குது” என்று அம்மாக்கண்ணு குழாயடியில் சொன்னாள். மறுநாள் லயம் முழுவதும் அதையே சொன்னது. கொழுந்துப் பெண்களை நடத்திய கங்காணி செல்லசாமி, சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இதைப் பேசி முடிக்கலாம் என்றார். அடுத்த திங்கட்கிழமை ஐந்தாம் நம்பர் மலையைத் தொடங்க வேண்டியிருந்தது. தீர்ப்பு எதிராகப் போனால் காளியாயி கூவக்கூடாது என்பதோடு நிற்காது. அவளைக் கீழ்ப்பிரிவுக்குப் புல் வெட்ட அனுப்பிவிடுவார்கள்.

கொடுமை என்னவென்றால், காளியாயியும் அதைப் பாதி நம்பினாள். அவளுக்குக் கனவு வந்தது. அக்கனவில் அவள் பனிக்குள் நின்று வாய் திறப்பாள். குரலுக்குப் பதிலாகப் பொன்னிறக் குளவிகள் ஒவ்வொன்றாக, அவசரமின்றி, அவளுடைய உதட்டில் கால் ஊன்றிப் பறந்து போகும். வலிக்காது. அழகாகவும் இருக்கும். விழித்த பின்புதான் அச்சம் வரும்.

அம்மேற்பிரிவில் ஞாயிறு பிற்பகல்களில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தது. நடத்தியவர் பள்ளிக்கூடத்து ஆசிரியை பூரணம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், முப்பது வயதிருக்கும். ஊசியைவிடக் கேள்வியைக் கூர்மையாகப் பிடிப்பவர். யாராவது எதையாவது உறுதியாகச் சொன்னால், நூலை அறுக்காமலே, “அது எப்பிடித் தெரியும்?” என்று கேட்பார். முதலில் பெண்களுக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு விளையாட்டாயிற்று. ஒருவர் பேச்சில் மற்றவர் ஓட்டையைத் தேடினார்கள்; கண்டுபிடித்த ஓட்டைகளுக்குத் தாங்களே பெயரும் வைத்தார்கள்.

காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் மணி அடித்ததும் விடிகிறது. ஆகவே மணிதான் விடியவைக்கிறது என்பது போன்ற பேச்சுக்கு ‘மணியடிச்சு விடியவைக்கிறது’ என்று பெயர். ஒன்றிரண்டைக் கண்டு எல்லாவற்றுக்கும் முடிவு சொன்னால், அது ‘கைக்கொழுந்தைப் பார்த்து மலையை நிறுக்கிறது’. சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவரைத் தாக்கினால், அது ‘எலையை விட்டு ஆளைக் கிள்ளுறது’. பூரணம் இவற்றின் ஏட்டுப் பெயர்களை அறிந்தவர். ஆயினும் அவற்றை ஒருநாளும் சொல்லவில்லை. இப்பெயர்கள் போதும் என்று விட்டுவிட்டார்.

மடுவத்துக் கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் போன பிறகும் காளியாயி எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த துணியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“டீச்சரம்மா, மூணு தடவைங்க. மூணு தடவையும் வந்துச்சு. என் வாயில என்னமோ இருக்குதுங்களா?”

“இல்லை எண்டு நான் சொன்னா நம்புவீங்களோ?”

“நம்புவேங்க.”

“அப்ப நான் சொல்லமாட்டன். அம்மாக்கண்ணு சொன்னதையும் அப்பிடித்தானே நம்பினீங்கள்?” பூரணம் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். “ரெண்டு கேள்வி இருக்கு, அக்கா. நீங்கள் கூவியும் குளவி வராத நாள் எத்தினை? நீங்கள் கூவாமலே குளவி வந்த நாள் எத்தினை? இது ரெண்டும் தெரியாமல் நீங்களும் பேசேலாது, அவையும் பேசேலாது.”

அந்த ஒரு வாரம் காளியாயி கொழுந்து எடுத்தபடியே பதினோர் ஆண்டுகளுக்குள் நடந்து திரும்பினாள். எழுத்து அறியாதவளுக்கு மலைகளே ஏடுகள். பனி கூடைக்குள் புகுந்து கொழுந்தோடு கிடந்த நாள் ஒன்று. அது ஒன்பதாம் நம்பர். கூவிய குரல் பாறையில் பட்டு, தன் தாயின் குரலாகத் திரும்பி வந்த நாள் ஒன்று. அது இரண்டாம் நம்பர். வெயில் அடிக்கும்போதே மழையும் பெய்து, பெண்கள் எல்லாரும் காரணமில்லாமல் சிரித்த நாள் ஒன்று. ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து கிள்ளி விரல் மடக்கினாள். இருபத்திரண்டு முறை அவள் கூவியிருந்தாள். பத்தொன்பது நாள்களில் அவளுடைய குரலுக்குப் பின்னால் பனியைத் தவிர வேறெதுவும் எழவில்லை.

இரண்டாம் கேள்விக்கு விடை கேட்டு, கவ்வாத்து வெட்டும் பொன்னையாவிடம் சென்றாள். அவன் சட்டையைத் தூக்கி, குளவி கொட்டிய தழும்புகள் நிறைந்த முதுகைக் காட்டினான்.

“இதெல்லாம் என்னா, முத்தமா? எங்களுக்கு யாரு பொலி போட்டா? ரொம்ப நாளா ஆளு போகாத எடத்துக்குள்ள மொத மொத போனா கொட்டத்தான் செய்யும். காட்டோரம் பாரு, அங்கதான் கூடு கட்டும்.”

அவள் திரும்பி நடந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். ஆள் நடமாட்டம் குறைந்த மலைக்குள் நாற்பது பேர் முதன்முதலாக நுழையும் நாளில்தான் அவள் கூவுகிறாள். அந்த நாளில்தான் கூடும் கலைகிறது. குரலும் குளவியும் ஒரே வாசலால் வந்திருக்கின்றன; ஒன்றை மற்றொன்று அழைத்து வரவில்லை. அந்த வருடத்து மூன்று மலைகளும் காட்டை ஒட்டியவை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வழியோரத்துப் பாறையில் உட்கார்ந்து, ஈரம் சேலையில் ஏறும்வரை அதையே எண்ணிக்கொண்டிருந்தாள். அதன்பின் அந்தக் கனவு வரவில்லை.

சனிக்கிழமை மடுவத்தில் தராசைச் சுற்றி அனைவரும் கூடினார்கள். கொழுந்து வாசனை இன்னும் தகரக் கூரைக்குக் கீழே தங்கியிருந்தது. அம்மாக்கண்ணு முதலில் எழுந்தாள்.

“கண்ணால பாத்தோம், காதால கேட்டோம், கங்காணியய்யா. இவ கூவுனா, அது எந்திரிச்சிச்சு. இதுக்கு மேல என்னாங்க வேணும்?”

“பெரட்டு மணி அடிச்சதும் விடியுதே, அம்மாக்கண்ணு” என்றாள் காளியாயி. “நாளைக்கு மணி அடிக்காட்டி சூரியன் போத்திக்கிட்டுப் படுத்துக்குமா?”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அம்மாக்கண்ணுவின் முகம் சிவந்தது.

“புருசன நிறுத்தி வைக்கத் தெரியாதவ, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா!”

“ஏய், ஆளக் கிள்ளாதடி! எலையக் கிள்ளு!” என்று பின்வரிசையிலிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அம்மாக்கண்ணுவும் தையல் வகுப்பிலிருந்தவள்தான், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

செல்லசாமி திகைத்தார். “என்னா பாஷை இது?”

“தையல் கிளாசுல படிச்சதுங்க.”

“அங்க துணியா தைக்கிறீங்க? மத்தவங்க வாயத் தைக்கிறீங்களா?”

சிரிப்பு அடங்கிய பின் காளியாயி தன் இருபத்திரண்டு மலைகளையும் சொன்னாள். எந்த மலை, எந்த மாதம், பனியா வெயிலா, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்டவர்கள் அந்தந்த நாள்களுக்குள் போய்வந்தார்கள். “ஆமா, அன்னிக்குத்தான் என் செருப்பு அத்துப்போச்சு” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பொன்னையா தன் முதுகை மறுபடியும் காட்டினான். ஆள் போகாத மலைக்குள் முதல்நாள் போவதைப் பற்றியும், காட்டோரத்தைப் பற்றியும் காளியாயி சொல்லி முடித்தாள்.

அம்மாக்கண்ணு தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் கோபத்துக்குள் அறிவு இருந்தது. மெல்லத் தலைநிமிர்ந்தாள்.

“சரிடி. ஒன் கொரலாலே குளவி வரலே. ஒத்துக்கிறேன். அப்ப கொழுந்து? பதினோரு வருசமா மலை பொலிஞ்சதுன்னா காளி கொரலு, காளி ராசின்னு சொன்னோமே. அது மட்டும் ஒன் கொரலாலேயா?”

இந்தக் கேள்வியைக் காளியாயி எதிர்பார்க்கவில்லை. அல்லது, பாறையில் உட்கார்ந்திருந்தபோதே அது தொலைவில் வருவதைக் கண்டும், பார்க்காதவளைப் போல முகத்தைத் திருப்பியிருந்தாள். குற்றத்தை அறுத்த அதே கத்திதான் பெருமையையும் அறுக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விடுவதற்கு வழியில்லை. அந்த மடுவத்தில் யாரும் கண்டுபிடிக்காதபடி அவள் வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். சொல்ல ஆசையும் இருந்தது.

தராசின் தட்டு காற்றில் இலேசாக அசைந்தது.

“இல்லே” என்றாள். “அதும் என் கொரலாலே இல்லே. மழையாலே, உரத்தாலே. நான் சும்மா கூவுனேன்.”

செல்லசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். காளியாயி இதே வேலையில் இருப்பாள் என்றார். இனிமேல் முதற்கொழுந்துக்கு முந்தின நாளில் இரண்டு பேர் காட்டோரத்தைப் பார்த்து வர வேண்டும் என்றார். ராசி என்று ஒன்று இல்லையென்றால் யாரும் கூவலாம். ஐந்தாம் நம்பரில் அம்மாக்கண்ணு கூவட்டும் என்றார். நீதி சரியாகவே இருந்தது. காளியாயி தன் அறைக்குச் சென்று, தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, அது கொதித்து வற்றும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னையா ஐந்தாம் நம்பரின் மேல்மூலையில் ஒரு கூட்டைக் கண்டான். அந்தச் செடி நிரைக்கு முன்னால் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்தான்.

திங்கட்கிழமை பனி வழக்கத்தைவிடக் கனமாக இறங்கியது. மலை இல்லை, வானம் இல்லை. சிவப்புத் துணி மட்டும் எங்கோ ஒரு பூவைப் போல மங்கலாகத் தெரிந்தது. நாற்பது பெண்களும் நிரைக்கு ஒருவராகப் பனிக்குள் நுழைந்து மறைந்தார்கள். அம்மாக்கண்ணு தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூவினாள். அக்குரல் பத்தடி போய்ப் பஞ்சில் விழுந்த கல்லைப் போல நின்றுவிட்டது. கிட்டே நின்றவர்கள் “பொலி” என்றார்கள். தொலைவில் நின்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. சிலர் கொழுந்தில் கை வைத்தார்கள். சிலர் காத்து நின்றார்கள். ஒருத்தி சிவப்புத் துணி எந்தப் பக்கம் என்று அச்சத்தோடு கேட்டாள். அம்மாக்கண்ணு இரண்டாம் முறையும் கூவினாள், இருமல்தான் வந்தது.

சற்று நேரம் பனி மட்டும் இருந்தது. பிறகு அதற்குள்ளிருந்து அவளுடைய குரல், எரிச்சலும் கெஞ்சலுமாக வந்தது.

“காளி, எங்கடி நிக்கிறே? நீயே கூவித் தொலை! யாரு எங்க நிக்கிறான்னே தெரியலே!”

காளியாயி கூவினாள்.

குரல் சரிவில் ஏறியது. சிவப்புத் துணியைக் கடந்தது. காட்டின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. மேலிருந்து ஒரு “பொலி”, கீழிருந்து ஒரு “பொலி”, மிகத் தொலைவிலிருந்து, உறக்கத்தில் சொன்னதைப் போல, இன்னொரு “பொலி”. ஒவ்வொரு விடையும் பனிக்குள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அவளுடைய இடத்தில் நிறுத்தியது. காணாத மலை முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நாற்பது கைகளும் செடியில் இறங்கின.

பத்து மணிக்குப் பனி விலகியது. குளவி எழவில்லை. பக்கத்து நிரையிலிருந்தவள் மகிழ்ச்சியோடு சொன்னாள்.

“பாத்தியாக்கா, நீ கூவுனே, ஒண்ணுமே வரலே! ஒன் ராசி திரும்பிருச்சு!”

அந்தச் சொல் இனித்தது. காளியாயி அதை ஒரு கணம் வாயில் வைத்திருந்தாள். அவளுக்கு மறுபுறம், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, அம்மாக்கண்ணு விடைக்காகக் காத்திருந்தாள்.

“மணியடிச்சு விடிஞ்சிருச்சாக்கும்?” என்றாள் காளியாயி. “கூடு இருந்த எடத்துக்கு நாம போகலே, புள்ள. அதான். கொழுந்தப் பாத்து எடு.”

அம்மாக்கண்ணு குனிந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே, “ஆறாம் நம்பருக்கும் நீயே கூவு. எனக்குத் தொண்ட வலிக்குது” என்றாள்.