இஞ்ஞாசி பாடிய வரி

பூவரசந்தீவில் நாடகம் போடப் பணம் வந்தது எழுபத்தாறில். தூத்துக்குடிக்கு எதிரே கடலில் கிடக்கும் அந்தச் சின்னத் தீவிலும் கலைஞர்கள் இருக்கிறார்கள் என்பது சென்னையில் யாருக்கோ தெரிந்துவிட்டது. வெளிநாட்டு உதவியில் நடக்கும் ஒரு அறக்கட்டளை, தீவுக் கலைஞர்களுக்கு நிதி தருகிறோம், உங்கள் சொந்தக் கலையிலேயே கடலைக் காக்கும் கதை ஒன்று போடுங்கள் என்றது. அதைச் சொல்ல வந்த அதிகாரி சுந்தர்சிங், நாசரேத்துக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தீவின் நாடகக் குழுவுக்கு அண்ணாவி ஹென்றி. பாட்டுக் கட்டுவது, ஆட்டம் பழக்குவது, யாருக்கு எந்த வேடம் என்று தீர்ப்பது எல்லாம் அவர்தான். தீவில் இருந்த ஒரே பெரிய வள்ளமும் அவருடையது. அது மீனுக்குப் போகாது. கடலுக்கடியில் வளர்ந்து கிடக்கும் முருகைக்கல் என்கிற பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து ஏற்றி வரும். கல் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். பெயர்ப்பவர்களில் ஒருவன் இஞ்ஞாசி. கரையில் அந்தக் கல்லை உடைப்பவர்களில் ஒருத்தி அவன் மனைவி பேபி. இஞ்ஞாசிக்கு வலையும் இல்லை, வள்ளமும் இல்லை, குரல் மட்டும் இருந்தது. ஆகவே கதாநாயகன் அவன்தான்.

சுந்தர்சிங் உட்கார்ந்து கதை கேட்டார். கல் பெயர்க்கும் ஒருவன், பாறை போனதால் மீனும் போய் ஊர் பட்டினி கிடப்பதைப் பார்த்து மனம் திரும்புகிறான். கதையில் பொய் இல்லை என்பது இஞ்ஞாசிக்கும் தெரியும். பெயர்த்த இடத்தில் மீன் அண்டுவதில்லை. சுந்தர்சிங்குக்கும் எல்லாம் பிடித்திருந்தது.

"கடைசியில அவன் ஒரு சத்தியம் பண்ணட்டும். இனிமே கல்லைத் தொட மாட்டேன்னு மாதா மேல ஆணையா சொல்லட்டும். ஜனங்க மனசுல நிக்கும்" என்றார்.

ஹென்றி தலையை ஆட்டிவிட்டார்.

அந்தத் தீவில் நாடகம் என்பது வேடிக்கை அல்ல, மாதாவுக்குச் செலுத்தும் நேர்ச்சை. கோயில் வாசலில் மாதா சுரூபத்தைப் பார்த்தபடிதான் மேடை போடுவார்கள். அங்கே மாதா பேரில் செய்த சத்தியம் வேடத்தோடு கழன்று போகாது, ஆளையே பிடித்துக்கொள்ளும். குழுவில் ரோச் என்பவன் ஒருமுறை குடிகாரன் வேடத்தில் வாய் தவறி, குடியை விட்டேன் என்று ஆணையிட்டுவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்குச் சோடாதான். இதற்குப் பயந்தே அண்ணாவிமார் சத்தியம் இல்லாமல் கதை கட்டுவார்கள். மாதா வணக்கம் இல்லாத சபையில் வளர்ந்த நாசரேத்துக்காரருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இஞ்ஞாசி ஹென்றியிடம் போனான்.

"அண்ணாவி, அந்த வரியைச் சொல்லிட்டு நான் எங்கன போய்ப் பிழைக்க?"

"ஏலே, இது நாடகம்லா. பெரிய மனுசன் கேக்குதாரு, நாம சொல்லுதோம். வெறும் வாய்ச்சொல்லு."

"அப்ப வேற ஆளைச் சொல்லச் சொல்லும்."

"வேற எவனுக்குலே உன் தொண்டை இருக்கு? மாட்டேன்னா நாளையிலருந்து வள்ளத்துக்கும் வர வேண்டாம்."

முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும். வீட்டில் பேபி கொதித்தாள்.

"கடலைக் காக்க வந்த துட்டு நம்ம அடுப்புலதான் தண்ணி ஊத்தணுமா? அந்த எடம் வரும்போது இருமல் வந்த மாதிரி நடிச்சிருங்க."

"மாதா பாத்துக்கிட்டு இருக்கும்போதா?" என்றான் இஞ்ஞாசி.

புதுத் திரை, புது உடுப்பு, புது ஆர்மோனியம். நாடகம் நன்றாகவே நடந்தது. பட்டினிக் காட்சியில், பட்டினி கிடந்து பழகியவர்களே அழுதார்கள். சத்தியம் வரும் இடத்தில் இஞ்ஞாசி சற்று நின்றான். அதை வசனமாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவன் பாடிவிட்டான்.

"மாதாவே உம்மேல் ஆணை, இனி மாட்டேன் கல்லைத் தொட."

வேண்டுமென்றே பாடினானா, பாடிப் பழகிய வாயா என்பதில் தீவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. வசனம் என்றால் சொன்னவனோடு முடிந்தது. பாட்டென்றால் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாட வேண்டும். அவர்கள் அந்த வரியை எடுத்துப் பாடாமல் அடுத்த வரிக்குப் போகும் வழக்கமில்லை. திருப்பிப் பாடுகிறவனுக்கும் சத்தியத்தில் சம பங்கு. அன்றைக்குப் பின்பாட்டுக்குத் தலைவர் ஹென்றி. கூட நின்றவர்கள் எல்லாரும் அவர் வள்ளத்து ஆட்கள்.

ஹென்றி வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த தாளமும் நின்றது. வெறும் வாய்ச்சொல் என்று சொன்னவருக்கு அது தொண்டையைத் தாண்டவில்லை. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு குனிந்துகொண்டார்கள். இஞ்ஞாசி அதே வரியை மறுபடி பாடினான். இந்த முறை குரல் உடைந்தது. தனியாக நிற்கிறோம் என்று தெரிந்ததும் அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ அந்த வரியைத் திருப்பிப் பாடினார்கள். சுருதி சேரவில்லை. பெண்கள் பின்பாட்டுப் பாடும் வழக்கமே அங்கே கிடையாது. பேபி எழுந்து நின்றிருந்தாள். ஒரு சொல் விடாமல் பாடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

சுந்தர்சிங் எழுந்து கைதட்டினார். மக்களையே நாடகத்துக்குள் இழுத்துவந்த புது உத்தி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் ஹென்றி பேபியைத் தேடி வந்தார்.

"ஏளா, அவன்தான் மாட்டிக்கிட்டான். நீயாவது கல்லு உடைச்சுக் கஞ்சி காய்ச்சியிருக்கலாம்லா. உன்னை யாரு பாடச் சொன்னா?"

பேபிக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னாள்.

"நீரு எடுப்பீரு, எடுப்பீருன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன், அண்ணாவி. அவுக ரெண்டாந்தரமும் ஒத்தையிலல்லா பாடுனாக."