எச்சில் காய்வதற்குள்

பாத்திரம் தேய்க்க இவ்வளவு நேரமா என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாப்பிட்டுக் கை கழுவிப் போகிறவர்களுக்கு என்ன தெரியும்? திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கல்யாணச் சத்திரத்தில் பதினோரு வருஷம் பத்துப்பாத்திரம் தேய்த்தவள் நான். பந்தி முடிந்த கையோடு ஊறப்போட்டு, தொட்டி நிறையத் தண்ணீரும் இருந்தால் ஓர் அண்டாவைப் பேச்சுவாக்கில் முடித்துவிடலாம். காயவிட்டால் போச்சு. தண்ணீரும் இல்லையென்றால் சாம்பலைப் போட்டு வறட்டு வறட்டென்று தேய்த்து, துணியால் வழித்து, ஒரே குடத்தில் நாலு பாத்திரத்தை அலச வேண்டும். தண்ணீர் குறையக் குறைய நேரம் கூடும். இதைச் சொன்னால் சத்திரத்தைப் பார்த்துக்கொண்ட பஞ்சாட்சரம் சிரிப்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் சித்திரையில் என் ஒரே மகள் தமயந்தி வந்து நின்றாள். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிற துளசிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம். அன்று காலை முகூர்த்தம் முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்த நேரம். பின்கட்டுக் கதவோரம் நின்றவளுக்கு இடது கன்னம் வீங்கியிருந்தது.

பாத்திரங்களைப் போட்டது போட்டபடி விட்டு, சத்திரத்தில் எனக்கு விட்டிருந்த அறைக்குள் அவளைக் கூட்டிப் போனேன். மடியில் விழுந்து அழுதாள். பெற்ற பெண் அழும்போது எவள் எழுந்துபோய் அண்டாவில் தண்ணீர் ஊற்றுவாள்? நான் ஊற்றவில்லை. வெளியே வந்து பார்த்தபோது பாயசமும் சாம்பாரும் வெயிலில் பொருக்குத் தட்டியிருந்தன. கிணறு சேறாகக் கிடந்தது. தொட்டித் தண்ணீரை மாப்பிள்ளை வீட்டார் குளித்தே தீர்த்திருந்தார்கள். மிச்சம் இரண்டு குடம்.

பள்ளிப்பட்டில் என் அண்ணன் கஜபதி இருந்தார். அங்கே போய்விட்டால் துளசிங்கம் வாசல் மிதிக்க மாட்டான். அவர் என்றால் அவனுக்குப் பயம். ஆனால் நான் கூடப் போய்ச் சொன்னால்தான் அண்ணி சேர்ப்பாள். பதினோரு மணிக்கு ஒரு பஸ், அதை விட்டால் மூன்று மணிக்கு. மதியத்துக்குள் அவன் தேடிக்கொண்டு வந்துவிடுவான் என்று தமயந்தி நடுங்கினாள்.

பஞ்சாட்சரத்திடம் கேட்டேன். இரண்டு மணிக்கு அடுத்த கல்யாணத்துச் சமையல்காரர் வந்துவிடுவார், பாதியில் போவதானால் அறையைக் காலி செய்துவிட்டுப் போ என்றார். அந்த அறையை விட்டால் எனக்கு வேறு கூரை கிடையாது. உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன்.

தமயந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தி, தேங்காய் நாரை எடுத்தாள்.

"ரெண்டு பேருமா தேச்சா பஸ்ஸ புடிச்சிடலாம்மா."

நான் அதை வெடுக்கென்று பிடுங்கினேன். தாலி கட்டிக்கொண்டு போன பெண் அம்மா வீட்டுக்கு வந்தால் தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்த்திவைத்துச் சோறு போடுவதுதான் எங்கள் வழக்கம். அவள் கையால் ஊரார் எச்சிலைத் தொடவிடுவதா, அதுவும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பார்க்க?

"ஊட்டுக்கு வந்த பொண்ணு எச்சில் பாத்திரத்துல கை வெக்கிறதா? நான் செத்தா போயிட்டேன்? போயி நெழல்ல குந்து."

அவள் போய் உட்கார்ந்தாள். ரோஷம்! எனக்கு என்ன ரோஷம் வேண்டிக் கிடந்தது? நாலு கை இருந்தது, இரண்டு கையைச் சும்மா உட்காரவைத்தேன். பஸ் போய்விட்டது. பாயச அண்டாவை மட்டும் ஒரு மணி நேரம் சுரண்டினேன். அடி போகவே இல்லை.

பன்னிரண்டரைக்குத் துளசிங்கம் வந்தான். வெள்ளை வேட்டி, கையில் மல்லிகைப் பொட்டலம். அத்தை என்று அழைத்து, எல்லார் எதிரிலும் கும்பிட்டான். ஏதோ கோபத்தில் ஆகிவிட்டது, இனிமேல் ஆகாது என்றான். தாம்பூலப் பையோடு நின்ற பெண்கள் அவனை எவ்வளவு தங்கமான பிள்ளை என்பதுபோலப் பார்த்தார்கள்.

தமயந்தி அவனைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து குனிந்தாள்.

"இன்னும் எம்மா நேரம் ஆவும்மா?"

மூன்று அண்டாவும் ஏழு குண்டானும் கிடந்தன. குடத்தில் தண்ணீர் அடியில் இருந்தது. முழங்கை வரை சாம்பலும் எச்சிலும் அப்பிக்கொண்டு நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் எதிரில் எழுந்து, இவளை அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு.

"அவருதான் கூப்புட வந்துகிறாரே. போயிட்டு வா."

ஆங் என்றாள். அவ்வளவுதான். பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். நான் அடுத்த குண்டானை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆடி மாசம் பொதட்டூர்பேட்டைப் பூக்காரி வசந்தி வந்தபோது சொன்னாள். அவன் மறுபடியும் அடித்தானாம், இந்தத் தடவை கை முறிந்துவிட்டதாம். தமயந்தி முறிந்த கையோடு தெருவில் இறங்கி, முன்பின் பழக்கமில்லாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டி அங்கே படுத்துக் கிடந்தாளாம். என்னிடம் வரவில்லை.